அறுபது கிராம் என்பது எத்தனை கரண்டி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடல் பருமனைக் குறைக்கும் அறுவை சிகிச்சை குறித்துத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஸ்லீவ் என்றால் என்ன, இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு நேராக இணைக்கும் பைபாஸ் என்றால் என்ன, யாருக்கு எது பொருந்தும், சர்க்கரை நோய் எந்த அளவுக்குக் கட்டுப்படும் என்பதையெல்லாம் தெளிவாக விளக்கிய அக்கட்டுரை, சிகிச்சைக்குப் பிந்திய உணவைப் பற்றி மட்டும் "புரதம் நிறைந்த உணவுகளை உண்ண வேண்டும்" என்ற ஒரே வரியோடு முடித்துக்கொண்டது. அந்த ஒரு வரியின் பொருள் விளங்காமல் ஐந்து மாதம் திண்டாடியவன் நான். ஆகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் முப்பத்தோர் ஆண்டுகளாகப் பருப்பு வியாபாரம் செய்து வருகிறேன். துவரை, உளுந்து, பாசிப்பயறு, கடலை, கொள்ளு, மொச்சை என்று மூட்டைகளுக்கு நடுவிலேயே என் பொழுது கழிகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு என் எடை 121 கிலோ. சர்க்கரைக்கு இரண்டு மாத்திரை, இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, இரவில் மூச்சு முட்டி எழுந்து உட்காரும் தொல்லை வேறு. அந்த ஆனி மாதத்தில் வெளியூரிலுள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் ஸ்லீவ் அறுவை செய்துகொண்டேன். இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டியெடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழம் போல ஒடுக்கித் தைத்துவிடுவார்கள். அறுவையில் ஒரு குறையும் இல்லை. இன்று என் எடை 82 கிலோ, சர்க்கரை மாத்திரைகளில் ஒன்று அடியோடு நின்றுவிட்டது. சிகிச்சையைப் பழிப்பதற்காகவோ அதை நாடுபவர்களை அச்சுறுத்துவதற்காகவோ நான் எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் கையில் கொடுத்த தாள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. நாளொன்றுக்குப் புரதம் 60 முதல் 80 கிராம் என்று அதில் ஒரு வரி அச்சிடப்பட்டிருந்தது. உணவியல் ஆலோசகர் பத்து நிமிடம் என்னிடம் பேசினார், நல்லபடியாகத்தான் பேசினார். ஆனால் அந்தப் பத்து நிமிடமும் என் மனைவி கீழ்த்தளத்தில் பணம் கட்டும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். என் தாயாரோ சேலத்தில் இருந்தார். எங்கள் வீட்டு அடுப்பு இவ்விருவர் கையில்தான் இருக்கிறது. சமைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதை, வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாத என்னிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

தாயார் தமக்குத் தெரிந்த பத்தியத்தைத் தொடங்கினார். "வெட்டித் தச்ச வயிறும்மா, கொஞ்ச நாளைக்கு இதமாத்தான் குடுக்கணும்" என்று மருமகளிடம் சொல்லிவிட்டு, காலையில் ஜவ்வரிசிக் கஞ்சி, மதியம் ரசத்தில் குழைத்த சோறு, மாலையில் பருப்புத் தண்ணீர், இரவில் ஓர் இட்லி என்று அன்போடு ஊட்டாத குறையாகக் கொடுத்தார். போதாக்குறைக்கு ஆடி பிறந்துவிட்டது. கோட்டை மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டிவிட்டால் சேலம் எப்படி மாறும் என்பதை இவ்வூர் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திருவிழா முடியும்வரை எங்கள் வீட்டில் முட்டை, மீன், கறி எதுவும் அடுப்பேறாது. நீராகாரத்திலிருந்து மசித்த உணவுக்கு நான் மாற வேண்டியிருந்த வாரங்களும் அந்த நாள்களும் ஒன்றாக வந்து சேர்ந்தன.

இந்தப் பத்தியத்தில் என்ன இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்தே தவிர வேறில்லை. 100 கிராம் ஜவ்வரிசியில் அரை கிராம் புரதம்கூடக் கிடையாது. (சேகோ ஆலைகளால் பிழைக்கும் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்காக என் நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நல்ல வயிறு உள்ளவர்களுக்கு அதில் ஒரு கெடுதலும் இல்லை.) ஓர் இட்லியில் சுமார் 2 கிராம். வெந்த சோறு 100 கிராமில் இரண்டரை கிராம். பருப்புத் தண்ணீரில் பருப்பின் மணம் இருக்கும், பருப்பு அடியிலேயே தங்கிவிடும். தெம்புக்கென்று வாரந்தோறும் அண்ணன் வீட்டிலிருந்து ஆடி கழிந்த பிறகு வந்த ஆட்டுக்கால் சூப்பும் நான் நம்பியதுபோல் இல்லை. எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் இறங்கும் அந்தப் பசைப்புரதத்தில், உடலால் தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாத அமினோ அமிலங்களுள் ஒன்றான டிரிப்டோபன் அறவே இல்லை. ஆகவே அதை மட்டும் நம்பித் தசையைக் காப்பாற்ற முடியாது.

குறைவாகச் சாப்பிடுகிறவனுக்கு ஏன் கூடுதல் புரதம் என்று என் கடைக்கு வருபவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நலமாக இருக்கும் ஒருவருக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட அளவுகள் சொல்கின்றன. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 50 கிராம். அறுவை செய்துகொண்டவருக்குக் குறைந்தது 60 கிராம், அல்லது அவருடைய உயரத்துக்கு ஏற்ற எடையில் கிலோவுக்கு ஒன்று முதல் ஒன்றரை கிராம் வரை என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். காரணம் இதுதான்: உண்பது திடீரென்று கால் பங்காகும்போது உடல் தன் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவு செய்கிறது. கொழுப்பைச் சேமித்துவைக்க உடலில் இடமுண்டு. புரதத்துக்கு அப்படித் தனியாக ஒரு களஞ்சியம் இல்லை, தசைதான் அதன் களஞ்சியம். வாய்வழியாகப் புரதம் வராவிட்டால், கரைய வேண்டிய கொழுப்போடு சேர்ந்து கரையக் கூடாத தசையும் கரைகிறது. எடை பார்க்கும் கருவி இரண்டையும் ஒன்றாகவே காட்டுவதால், எடை குறைகிறது என்று வீடே மகிழ்ந்துகொண்டிருக்கும்.

எங்கள் வீடும் மகிழ்ந்தது. ஐந்தாம் மாதத்தில் 94 கிலோவுக்கு வந்திருந்தேன். உறவினர்கள் பார்த்துப் பார்த்து வியந்தார்கள். ஆனால் 121 கிலோவாக இருந்தபோது 50 கிலோ மூட்டையைத் தனியாளாக மேடைமேல் தூக்கிவைத்த எனக்கு, இப்போது 25 கிலோ பாசிப்பருப்புப் பையை நகர்த்துவதற்கே கடைப்பையனைக் கூப்பிட வேண்டியிருந்தது. தரையில் குந்தி உட்கார்ந்தால் எழுவதற்குக் கை ஊன்ற வேண்டும். மாலையில் கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுந்தது. குளித்துவிட்டுத் துவட்டினால் துண்டில் கொத்துக் கொத்தாக முடி. விரைவாக எடை குறையும்போது மூன்றாம் மாதம் முதல் சில மாதங்களுக்கு முடி கொட்டுவது பலருக்கும் நேர்வதுதான், பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும் என்று பிறகு அறிந்தேன். ஆனால் புரதம், இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றின் குறைபாடு அதை மோசமாக்கும். நாங்களோ போர்த் தண்ணீரின் உப்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

குடும்ப மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். வழக்கமாக 3.5-க்கு மேல் இருக்க வேண்டிய ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் எனக்கு 3.1 இருந்தது, இரும்பும் வைட்டமின் டி-யும் குறைவு. அவர் சேலத்திலேயே உள்ள ஓர் உணவியல் ஆலோசகரிடம் அனுப்பினார். என் மகள் வயதிருக்கும் அந்தப் பெண், கிராமைப் பற்றிப் பேசவே இல்லை. "அம்மாவையும் உள்ளே கூப்பிடுங்க சார்" என்று முதலில் என் மனைவியை அழைத்து உட்காரவைத்தார். பிறகு, நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்னென்ன, எத்தனை கரண்டி, எத்தனை டம்ளர் என்று கேட்டு ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டினார். மொத்தம் 21 கிராம் வந்தது. நான் என்ன தொழில் செய்கிறேன் என்று அதன் பிறகுதான் கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்காமல் இருக்க முயன்றது தெரிந்தது.

அன்று மாலை கடையில் உட்கார்ந்து நானே ஒரு கணக்குப் போட்டேன். துவரம்பருப்பு 100 கிராமில் 22 கிராம் புரதம். அப்படியானால் 60 கிராமுக்குச் சுமார் 275 கிராம் பருப்பு வேண்டும். அது வெந்தால் முக்கால் கிலோ அளவுக்குப் பெருகும். ஒரு வேளைக்கு முக்கால் டம்ளருக்கு மேல் கொள்ளாத வயிற்றுக்குள் பருப்பை மட்டும் கொண்டு 60 கிராமை நிரப்ப முடியாது என்பதைப் பருப்பு விற்றே வாழ்ந்தவன் அன்றுதான் ஒப்புக்கொண்டேன். "கொழுத்தவனுக்குக் கொள்ளு, இளைத்தவனுக்கு எள்ளு" என்பார்கள். கொள்ளிலும் 22 கிராம் உண்டு. ஆனால் நாங்கள் கொள்ளை ரசமாக வைத்துத் தெளிவை இறுத்துக் குடித்துவிட்டு, வெந்த கொள்ளை மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். கொங்குப் பக்கத்து வீடுகளில் செய்வதுபோல் அதைக் கெட்டியாகக் கடைந்து சாப்பிட்டால்தான் பயன் என்று அந்தப் பெண் என் மனைவியிடம் சொன்னது, எங்கள் வீட்டு மாடுகளுக்கு மட்டுமே நஷ்டம்.

இப்போது என் ஒரு நாளைச் சொல்கிறேன். எனக்குப் பொருந்தியது எல்லாருக்கும் அப்படியே பொருந்தும் என்பதற்காக அன்று, கரண்டிக் கணக்கு எப்படியிருக்கும் என்பதைக் காட்டுவதற்காக. காலையில் இரண்டு வேகவைத்த முட்டை, 12 கிராம். பத்து மணிக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி பாலில் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் 20 கிராமைக் கரைத்துச் சர்க்கரை போடாமல் குடிப்பது. பாலில் 6, பவுடரில் 7 ஆக 13 கிராம். மதியம் முதலில் கோழி அல்லது மீன் மூன்று நான்கு துண்டு, 15 கிராம். பிறகு ஒரு கரண்டி கெட்டிப் பருப்பு, 6 கிராம். இடமிருந்தால் மட்டும் இரண்டு வாய் சோறு. மாலையில் அரைக் கிண்ணம் சுண்டலோ ஒரு பிடி பொட்டுக்கடலையோ 6 கிராம். இரவில் 50 கிராம் பனீர், 9 கிராம். கூட்டினால் 61. கறி சமைக்காத நாள்களில் மீல் மேக்கர் 25 கிராமை ஊறவைத்துப் பிழிந்து, நறுக்கிக் குழம்பில் போடுகிறோம். அதில் 13 கிராம் கிடைக்கிறது, விலையோ சொற்பம். இந்த ஆடியில் பூச்சாட்டுக்குப் பிறகும் என் தட்டில் 60 கிராம் குறையவில்லை. மீல் மேக்கரும் பனீரும் பால்பவுடரும் அம்மனுக்கு ஆகாதவை என்று தாயாரும் சொல்லவில்லை.

சாப்பிடும் வரிசையும் முக்கியம். முதலில் புரதம், அடுத்துக் காய், கடைசியில் சோறு. இலையில் முதலில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றிப் பழகிய நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். உணவோடு தண்ணீர் குடிக்காமல், உண்டபின் அரைமணி நேரம் கழித்துக் குடிக்க வேண்டும். ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். அவசரப்பட்டு விழுங்கிய முட்டை நெஞ்சுக்குழியில் நின்றுகொண்டு அரைமணி நேரம் என்னைப் படுத்தியிருக்கிறது. இதில் ஒரு சூழ்ச்சியும் உண்டு. முட்டையும் கறியும் அடைத்துக்கொள்ளும். நம் ஊர்த் தட்டுவடை செட்டோ வாயிலேயே கரைந்து, வயிற்றில் தங்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். எந்தத் தொந்தரவும் தராததால் அதுதான் நமக்கு ஒத்துக்கொள்கிறது என்று தோன்றும். ஒரு வருடம் கழித்து எடை திரும்ப ஏறியவர்கள் இருவரை எனக்குத் தெரியும். இருவருமே சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு முறுக்கிலும் தட்டுவடையிலும் பசியாறியவர்கள். நிலக்கடலையைக் குறித்தும் ஒரு சொல்: 100 கிராமில் 25 கிராம் புரதம் என்று நானே சொல்லி விற்றிருக்கிறேன், அதில் எண்ணெய் ஏறத்தாழ அதைப்போல் இரு மடங்கு என்பதைச் சொன்னதில்லை.

புரதப் பவுடர் குறித்துப் பலரும் கேட்கிறார்கள். பாலிலிருந்து பிரித்தெடுக்கும் வே புரதம் நல்ல பொருள். திட உணவு இறங்காத முதல் வாரங்களில் அதைத் தவிர்ப்பது கடினம் என்றே மருத்துவர்கள் கூறுகிறார்கள். பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு பொருமுபவர்களுக்குப் பால்சர்க்கரை நீக்கிய வகையும் கிடைக்கிறது. ஆனால் டப்பாவின் முன்பக்கப் படத்தை நம்பாமல், ஒரு கரண்டியில் எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் சர்க்கரை என்று பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். சத்துமாவு என்றும் சத்துப் பானம் என்றும் நாம் வாங்கும் பலவற்றில் புரதத்தைவிட மாவும் சர்க்கரையும்தான் மிகுதி. பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு அந்தச் சர்க்கரை விரைந்து குடலுக்குள் இறங்கிப் படபடப்பும் வியர்வையும் மயக்கமும் தரக்கூடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டவே கூடாது. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியிருக்கும். புரதம் சரியாகிவிட்டது என்று அவற்றை நிறுத்திவிடலாகாது. இரும்பு மாத்திரையைக் காப்பியோடு விழுங்கும் என் போன்றவர்களுக்கு, அந்தக் காப்பி சேர்வராயன் மலைக் காப்பியே ஆனாலும், இரும்பு உடலில் சரியாகச் சேராது.

மலையைச் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஏற்காட்டிலிருந்து மாதமிருமுறை என் கடைக்குச் சரக்கெடுக்க வரும் வாடிக்கையாளர் ஒருவரின் மனைவிக்குச் சென்ற ஆண்டு பைபாஸ் நடந்தது. மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஓராண்டு என்று இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, சேலத்தில் பேருந்து மாறி, இன்னொரு நகரத்துக்குப் போய், அங்கே ஐந்து நிமிடம் பேசிவிட்டு இரவில் மலையேற வேண்டும். வழியெல்லாம் வாந்தி. இரண்டாம் முறையோடு அவர் நிறுத்திக்கொண்டார். இரத்தத்தைச் சேலத்திலேயே, ஏன், ஏற்காட்டிலேயே எடுத்து அனுப்பிவிட்டு, மற்றதைத் தொலைபேசியில் பேசியிருக்கலாம். அந்த வசதி உண்டா என்று அவர் கேட்கவில்லை; உண்டு என்று மருத்துவமனையும் சொல்லவில்லை.

தங்கள் வாயிலாக மருத்துவமனைகளுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் பெரிதன்று. அறுவைக்கு முன்பே, சமைப்பவரை அழைத்து உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசுங்கள். கரண்டி, டம்ளர், கிண்ணம், பிடி என்ற அளவுகளில், சைவத்துக்கு ஒன்றும் அசைவத்துக்கு ஒன்றுமாக, விரத நாள்களையும் கணக்கில் கொண்டு, தமிழில் ஒரு தாள் அச்சிட்டுக் கொடுங்கள். முதல் ஆண்டின் ஆலோசனைக்கும் இரத்தப் பரிசோதனைகளுக்கும் உரிய கட்டணத்தை அறுவைக் கட்டணத்தோடு சேர்த்தே சொல்லுங்கள். என் காப்பீடு அறுவைக்கான செலவைப் பெருமளவு ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிந்திய பரிசோதனைகளும் ஆலோசனையும் பவுடரும் முழுக்க என் கைக்காசு. முன்கூட்டியே தெரிந்திருந்தால் அதற்கும் ஒரு தொகையை எடுத்துவைத்திருப்பேன்.

அரசிடமும் ஒன்று கேட்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டு வீடு வீடாக வருகிறார்கள். இத்தகைய அறுவை செய்துகொண்டவர் ஒரு வீட்டில் இருந்தால், நேற்று என்ன சாப்பிட்டீர்கள், கடைசியாக இரத்தம் எப்போது பார்த்தீர்கள் என்ற இரண்டு கேள்விகளை மட்டும் அவர்கள் கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும். 1997 வரை நம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த நாமக்கல்லிலிருந்து நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகள் புறப்படுகின்றன; ரேஷன் கடையில் குடும்ப அட்டைக்குத் துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது; ஆவின் பால் தெருமுனைக்கு வருகிறது. பாலில் நீலப் பாக்கெட்டானாலும் ஆரஞ்சுப் பாக்கெட்டானாலும் வேறுபடுவது கொழுப்புதான், புரதத்தில் பெரிய மாற்றமில்லை என்பதைக்கூட எனக்கு யாரும் சொல்லவில்லை. பொருளுக்கு இங்கே பஞ்சமில்லை.

தங்கள் ஞாயிறு இணைப்பில் அடுத்த முறை இந்தச் சிகிச்சையைப் பற்றி எழுதும்போது, சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்ற இரண்டு படங்களுக்கு ஒதுக்கும் இடத்தில், உணவியல் ஆலோசகர் ஒருவர் சரிபார்த்த அத்தகைய கரண்டி அளவுப் பட்டியல் ஒன்றை வெளியிட வேண்டுகிறேன். வெட்டியெடுத்துக் கடைச் சுவரில் ஒட்டிவைக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். என் மனைவி அடுக்களைக்கு இன்னொரு பிரதி கேட்டிருக்கிறார்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
பருப்பு வியாபாரி ஒருவர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.